சினையா, பொய்ச்சினையா: நாயின் ரத்தத்தில் தேடும் விடை

(ஆம்பூரில் பொதுமக்கள் முன்னிலையில் கால்நடை மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

ஒரு பெண் நாய் சினையாக இருக்கிறதா இல்லையா என்பதை அதன் ரத்தத்தைப் பார்த்துச் சொல்லிவிட முடியுமா? இதுதான் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட கேள்வி. முடியும். ஆனால் ரத்தத்தில் ஓடும் நூற்றுக்கணக்கான பொருள்களில் ஒன்றே ஒன்றை நம்பித்தான் சொல்ல முடியும். அதுவும் ஆண் நாயோடு சேர்ந்து ஏறக்குறைய ஒரு மாதம் ஆன பிறகுதான். ஏன் ஒன்று மட்டும், ஏன் ஒரு மாதம் என்பதை விளக்கிச் சொல்லப் போகிறேன். இந்தப் பரிசோதனையை இன்று பெரும்பாலும் விலையுயர்ந்த ஜாதி நாய் வளர்ப்பவர்கள்தான் செய்துகொள்கிறார்கள். உண்மையில் இது அவசரமாகத் தேவைப்படும் இடம் நம் நகராட்சியின் கருத்தடை மேசை. அதையும் சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தேன்.

வேலூர், ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றுப் பகுதியில் இருக்கும் ஊர்கள் எல்லாம் தோலை நம்பி வளர்ந்தவை. பச்சைத் தோலில் ஒட்டிவரும் சதைத் துணுக்கும், இறைச்சிக் கடைக் கழிவும், பிரியாணிக் கடை எலும்பும் கிடைக்கும் ஊரில் நாய் இல்லாமல் இருக்காது. தொழிலைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. தீனி எவ்வளவோ அவ்வளவு நாய். உலகத்தில் எந்த ஊரிலும் இதுதான் கணக்கு. இந்த ஊர்களில் ஆயிரக்கணக்கான பெண்கள் ஷூ கம்பெனிகளுக்குப் போகிறார்கள். விடிந்தும் விடியாமலும் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கத் தெருமுனைக்கு நடக்க வேண்டும். அந்த நேரத்தில் சாக்கடைப் பாலத்துக்கு அடியிலோ, பழைய கிடங்கின் திண்ணைக்குக் கீழோ குட்டி போட்டிருக்கும் தாய் நாய் இருந்தால் என்ன ஆகும்? மற்ற நாள்களில் வாலை ஆட்டிக்கொண்டு ஒதுங்கும் நாய்தான். குட்டி இருக்கும் வாரங்களில் அதுவே காலைப் பிடிக்கும். அது வெறியால் வருவதில்லை, தாய்மையால் வருவது. ஆனால் கடிபட்டவருக்கு ஊசி ஊசிதான்.

வெறிநாய்க்கடி நோயால் உலகத்தில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் இறக்கிறார்கள், அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில் என்பது உலக சுகாதார நிறுவனம் எடுத்துச் சொல்லும் மதிப்பீடு. ஓர் ஊரின் நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் நோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும். ஆனால் எழுபதை எட்டினால் போதாது, எழுபதில் நிற்க வேண்டும். ஒவ்வொரு பருவத்திலும் பிறக்கும் குட்டிகள் எல்லாம் தடுப்பூசி போடாதவை. போன மாதம் எழுபதாக இருந்த கணக்கு, தெருவுக்கு இரண்டு நாய் குட்டி போட்டால் தானாகவே கீழே இறங்கிவிடும். தடுப்பூசியும் கருத்தடையும் கூடவே போக வேண்டும் என்று சொல்வது இதனால்தான். இந்த வழியில் நாட்டுக்கே முன்னோடி நம் மாநிலம். கேப்டன் வி. சுந்தரம் தொடங்கிய புளூ கிராஸ் அமைப்பு சென்னையில் 1960-களிலேயே இதை முன்வைத்தது. சென்னை மாநகராட்சி 1996-இல் ஏற்று நடத்தத் தொடங்கியது. 2001-இல் மத்திய அரசு நாய்களுக்கான விலங்கு இனக் கட்டுப்பாட்டு விதிகளை வெளியிட்டது. நாம் ஏபிசி, ஏபிசி என்று சொல்வது அதைத்தான்.

அந்த 2001 விதிகளில் ஓர் ஏற்பாடு இருந்தது. பிடித்து வந்த பெண் நாய் சினையாக இருந்தால், எத்தனை நாள் சினையானாலும் சரி, கருக்கலைப்பும் கூடாது, கருத்தடையும் கூடாது; குட்டி போடும்வரை விட்டுவிட வேண்டும். எழுதியவர்களின் இரக்கம் எனக்குப் புரிகிறது. மருத்துவக் காரணமும் உண்டு. சினைக் கருப்பைக்கு ரத்தம் கொண்டுபோகும் நாளங்கள் தடித்துப் போயிருக்கும். கட்டு சற்றே நழுவினாலும் ரத்தப்போக்கு பெரிதாகும். ஆனால் எத்தனை நாள் சினையானாலும் என்று எழுதும்போது அந்த விதி மருத்துவர் தலையில் ஒரு பெரிய சுமையை வைத்தது. பத்தாம் நாள் சினையை யார் கண்டார்கள்? இருபதாம் நாள் சினையை யார் கண்டார்கள்? 2023-இல் அந்த விதிகளுக்குப் பதிலாகப் புதிய விதிகள் வந்தன. 2025 ஆகஸ்டு 22 அன்று உச்ச நீதிமன்றம், கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாய்களைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும், வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் மட்டும் விலக்கு என்று சொல்லிவிட்டது. விதியும் உத்தரவும் எப்படி மாறினாலும், கூண்டிலிருந்து இறக்கிய நாயின் வயிற்றில் கை வைத்துப் பார்க்கும் மருத்துவருக்கு முன்னால் இருக்கும் கேள்வி மாறவில்லை.

கை வைத்தால் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும், ஆனால் ஒரு குறுகிய காலத்துக்குத்தான். நாலாவது வார வாக்கில் நாயின் கருப்பைக் கொம்பு இரண்டிலும் கருக்கள் தனித்தனி உருண்டைகளாக, நூலில் இடைவெளி விட்டுக் கோத்த மணிபோல இருக்கும். ஒல்லியான, சாதுவான நாய் என்றால் விரலுக்குத் தட்டுப்படும். ஐந்து வாரம் தாண்டியதும் மணிகள் பெருத்து ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். அப்புறம் கைக்கு வித்தியாசம் தெரியாது. பயத்தில் வயிற்றை இறுக்கிக்கொள்ளும் தெருநாயிடம் நாலாவது வாரத்திலும் தெரியாது. எக்ஸ்ரேயில் எலும்பு தெரிய 45 நாள் ஆக வேண்டும். ஸ்கேன் இருந்தால் 25-ஆம் நாள் வாக்கில் குட்டியின் இதயம் துடிப்பதையே பார்க்கலாம். ஆனால் ஸ்கேன் கருவியும் அதைப் பார்த்துச் சொல்லப் பழகிய கண்ணும் எத்தனை நகராட்சிக் கூடத்தில் இருக்கின்றன? அதனால்தான் ரத்தத்துக்கு வருகிறோம்.

இங்கே மாடு வளர்ப்பவர்கள் பலர் இருக்கிறீர்கள். மாட்டோடு ஒப்பிட்டுச் சொன்னால் நாயின் சங்கடம் சட்டென்று புரியும். மாட்டுக்குச் சினைப்பையில் முட்டை வெளிவந்த இடத்தில் மஞ்சள் உடல் என்ற ஒன்று உருவாகிறது. அது புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. கருவைத் தாங்குவது அந்த ஹார்மோன். மாடு சினை பிடிக்கவில்லை என்றால், 17-ஆம் நாள் வாக்கில் கருப்பையே ஒரு செய்தி அனுப்பி மஞ்சள் உடலைக் கரைத்துவிடும். ஹார்மோன் இறங்கும், 21-ஆம் நாள் மாடு மறுபடி கத்தும். ஆகவே சினை ஊசி போட்டு மூன்று வாரம் கழித்துப் பாலிலோ ரத்தத்திலோ புரொஜெஸ்டிரோனைப் பார்த்து, குறைந்திருந்தால் சினை இல்லை என்று சொல்லிவிடலாம்.

நாயின் உடம்பு அப்படி நடப்பதில்லை. சினை பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அதன் மஞ்சள் உடல் இரண்டு மாதம் கரையாமல் இருக்கும். இரண்டு நாய்களின் ரத்தத்திலும் புரொஜெஸ்டிரோன் ஒரே மாதிரி ஏறும், ஒரே மாதிரி இறங்கும். ஒரு நாயின் வயிற்றில் ஆறு குட்டி, இன்னொரு நாயின் வயிற்றில் ஒன்றுமில்லை; ஆய்வக ஏட்டில் இரண்டும் ஒன்றே. பருவம் வந்து போன ஒவ்வொரு பெண் நாயும் உடம்பளவில் இரண்டு மாதம் சினைக்காலத்தைக் கழித்துவிட்டுத்தான் வருகிறது. அந்த இரண்டு மாத முடிவில் சில நாய்களுக்கு மடி கட்டும், பால்கூட வரும். செருப்பையும் பொம்மையையும் மூலையில் சேர்த்துவைத்துக்கொண்டு, கிட்ட யாரும் வந்தால் உறுமும். வீட்டில் பாட்டி சொல்வார்கள்: "இது சினைதான், நான் பார்த்ததில்லையா?" பாட்டியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாயின் சினைப்பையே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறது.

மனிதர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. 1927-இல் பெர்லினில் ஆஷ்ஹைம், சோண்டெக் என்ற இருவர், கருவுற்ற பெண்ணின் சிறுநீரைக் குட்டிச் சுண்டெலிகளுக்குச் செலுத்தி, அவற்றின் சினைப்பை முதிர்வதைப் பார்த்துக் கர்ப்பத்தைச் சொன்னார்கள். இன்று மருந்துக் கடையில் வாங்கும் பட்டையில் கோடு போடுவதும் அவர்கள் கண்ட அதே ஹார்மோன்தான். கரு ஒட்டிய சில நாளிலேயே அதன் வெளி உறை அதைச் சுரக்கத் தொடங்கிவிடும். மூன்றாண்டு கழித்து, 1930-இல், கலிபோர்னியாவில் கோல், ஹார்ட் இருவரும் சினைக் குதிரையின் ரத்தத்தில் அதேபோன்ற ஒன்றைக் கண்டார்கள். நாயிடம் அந்த வகை ஹார்மோன் எதுவும் அகப்படவில்லை. மருந்துக் கடைப் பட்டையை வாங்கி வந்து நாயின் மூத்திரத்தில் நனைத்துப் பார்க்கும் அன்பர்களுக்காகச் சொல்கிறேன்: அந்தப் பட்டை தேடும் பொருளே நாயிடம் கிடையாது. கோடு வரவில்லை என்பதற்கு அங்கே அர்த்தமே இல்லை.

நாயிடம் இருப்பது ரிலாக்ஸின்.

இதன் கதை 1926-இல் அமெரிக்காவில் பிரெடரிக் ஹிசா என்பவரிடம் தொடங்குகிறது. கினிப் பன்றிக்கு இடுப்பெலும்பு மிகக் குறுகல், குட்டியோ பெரிது. குட்டி போடும் நேரம் நெருங்கும்போது இடுப்பின் முன்பக்க எலும்புகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் தசைநார் இளகி விரிந்து கொடுக்கும். ஹிசா சினை விலங்கின் ரத்தத்திலிருந்து தெளிந்த சீரத்தை எடுத்து, சினையில்லாத கினிப் பன்றிக்குச் செலுத்தினார். சினையே இல்லாத அந்தப் பிராணியின் தசைநாரும் இளகியது. இளக்கும் பொருள் எலும்பிலோ நாரிலோ இல்லை, ரத்தத்தில் ஓடி வருகிறது என்று தெரிந்துபோனது.

தோல் தெரிந்தவர்கள் நிறைந்த இந்த அவையில் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல ஆசை. அந்தத் தசைநார் எதனால் ஆனது? கொலாஜனால். தோல் பதனிடும் ஷாப்பில் நீங்கள் சுண்ணாம்பில் ஊறவைத்து, குரோமில் போட்டு எடுக்கும் தோலும் அதே கொலாஜன்தான். மூன்று இழைகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு நிற்கும் அதன் அமைப்பை 1954-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு உலகத்துக்குச் சொன்னவர்கள் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 1948-இல்தான், மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் அடையாற்றில் வந்தது. குரோமியம் போய் அந்த இழைகளுக்கு இடையே பூட்டுப் போடுகிறது. அதனால் தோல் அழுகாது, நீரில் ஊறினாலும் குலையாது. ரிலாக்ஸின் செய்வது நேர் எதிரான வேலை. கொலாஜனை வெட்டும் நொதிகளை அதிகமாக்கி, புதுக் கொலாஜன் உண்டாவதைக் குறைத்து, இறுகியதை இளக வைக்கிறது. நீங்கள் இறுக்குவதில் வல்லவர்கள். பிரசவத்துக்கு இளக்கமும் வேண்டியிருக்கிறது.

நாயில் ரிலாக்ஸினைச் சுரப்பது நஞ்சுக்கொடி. இந்த ஒரு செய்தியில்தான் நம் விடை இருக்கிறது. மஞ்சள் உடல் எல்லா நாய்க்கும் உண்டு. நஞ்சுக்கொடி சினை நாய்க்கு மட்டும்தான் உண்டு. பொய்ச்சினை நாய் மடி கட்டலாம், பால் சுரக்கலாம், பொம்மைக்குக் காவல் இருக்கலாம், நஞ்சுக்கொடியை மட்டும் அதனால் உண்டாக்க முடியாது. 1987-இல் பெர்னார்ட் ஸ்டைனெட்ஸும் அவருடைய கூட்டாளிகளும் சினை நாய்களின் ரத்தத்தில் வாரா வாரம் ரிலாக்ஸினை அளந்து வெளியிட்டார்கள். சினை இல்லாத நாயிடம் அது கண்ணுக்குப் படும் அளவில் இல்லை. சினை நாயிடம் மூன்றாவது, நாலாவது வாரத்தில் தலை காட்டி, ஆறாவது ஏழாவது வாரத்தில் உச்சத்துக்குப் போகிறது.

பரிசோதனை செய்வதைக் கிட்டே நின்று பார்த்தவர்கள் குறைவு, அதனால் சொல்கிறேன். நாயின் முன்னங்காலில் மயிரை ஒதுக்கி, முழங்கைக்குக் கீழே கட்டை விரலால் அழுத்தினால் நரம்பு புடைத்து நிற்கும். அதிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்து, உறையாமலிருக்க மருந்து போட்ட குழாயில் விட்டு, சுழல் இயந்திரத்தில் சுற்றினால் மேலே வைக்கோல் நிறத்தில் பிளாஸ்மா தெளியும். அதில் ஒரு துளி, ரிலாக்ஸினுக்கென்று செய்த பட்டையின் குழியில். மேலே கரைசல் இரண்டு மூன்று துளி. பட்டைக்குள் நுண்ணிய தங்கத் துகள்கள் காய்ந்து ஒட்டியிருக்கும். ஒவ்வொரு துகளிலும் ரிலாக்ஸினைப் பற்றிக்கொள்ளும் ஆன்டிபாடி ஏறியிருக்கும். ஈரம் மெல்ல ஊர்ந்து போகும்போது துகளும் கூடவே போகிறது. ரத்தத்தில் ரிலாக்ஸின் இருந்தால், வழியில் குறுக்கே காத்திருக்கும் இரண்டாவது ஆன்டிபாடி அதை மறித்துப் பிடிக்கும். பிடிபட்ட துகள்கள் சேரச் சேர இளஞ்சிவப்பாக ஒரு கோடு எழும்பும். பத்து நிமிடம். பக்கத்தில் இன்னொரு கோடு கட்டாயம் வர வேண்டும். அது வராவிட்டால் பட்டையே பழுது, முடிவைப் பார்க்கக்கூடாது.

கோடு வந்தால் நஞ்சுக்கொடி இருக்கிறது என்று நம்பலாம். குட்டி உயிரோடு இருக்கிறது என்று நம்பக்கூடாது. கரு கரைந்துபோன பிறகும் சில காலம் ரிலாக்ஸின் ரத்தத்தில் தங்கும். எத்தனை குட்டி என்றும் கோடு சொல்லாது. குட்டி போட்டுப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும் நாய்களில் சிலவற்றிடம் வாரக் கணக்கில் ரிலாக்ஸின் இருப்பதுண்டு. மடியில் பாலோடு பிடிபட்ட தெருநாயிடம் கோடு வந்தால் இதை மறந்துவிடக்கூடாது.

கோடு வராவிட்டால் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நம் ஊரில் நாய் வளர்ப்பவர்கள் சேர்ந்த தேதியைத்தான் குறித்துவைக்கிறார்கள். ஆனால் நாயின் முட்டை வெளிவரும்போது முதிராத முட்டை; முதிர இரண்டு மூன்று நாள் ஆகும். ஆண் நாயின் விந்தோ உள்ளே ஒரு வாரம்கூட உயிரோடு காத்திருக்கும். அதனால் சேர்ந்த நாள் வேறு, சினை பிடித்த நாள் வேறு. முட்டை வெளிவந்த நாளிலிருந்து எண்ணினால் ஏறத்தாழ 63 நாளில் ஒழுங்காகக் குட்டி போடும் நாய், சேர்ந்த நாளிலிருந்து எண்ணினால் 57-இலிருந்து 72-க்குள் எப்போது வேண்டுமானாலும் போடுவது இதனால்தான். சேர்ந்த 24-ஆம் நாள் பட்டையில் கோடு வரவில்லை என்றால், அந்தக் கரு உண்மையில் மூன்று வாரத்தைக்கூடத் தொடாமல் இருக்கலாம். ஒரே ஒரு குட்டி என்றால் நஞ்சுக்கொடியும் ஒன்றுதான். அளவு மெதுவாகத்தான் ஏறும். எனவே சிப்பிப்பாறையோ ராஜபாளையமோ லேப்ரடாரோ, சேர்ந்து 30 நாள் ஆனதும் கொண்டு வாருங்கள். கோடு வராவிட்டால் ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். இரண்டு முறையும் வராவிட்டால்தான் சினை இல்லை என்று பேசலாம்.

ரத்தத்தில் வேறு அடையாளமே இல்லையா என்று மாணவர்கள் கேட்பார்கள். இருக்கின்றன. கரு கருப்பைச் சுவரில் வேரூன்றுவதை உடம்பு ஒரு சிறு காயம்போல எடுத்துக்கொள்கிறது. அதனால் சினையின் நடுக்காலத்தில் பைப்ரினோஜென், சிஆர்பி போன்ற புரதங்கள் ஏறும். ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு படிப்படியாகக் குறையும். நிறைமாதச் சினை நாய்க்கு லேசான சோகை இயல்பு. புரோலாக்டினும் ஏறும், ஆனால் பொய்ச்சினையிலும் ஏறும். புத்தகத்தில் இவற்றைச் சினையின் துணை அடையாளங்கள் என்று படிக்கலாம். நம் ஊரில் இவற்றை நம்பி ஒரு முடிவும் எடுக்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஏனென்றால் நம் நாயின் ரத்தத்தில் ஏற்கெனவே குடியிருப்பவர்கள் உண்டு. 1910-இல் பேட்டன் என்ற மருத்துவர் மெட்ராஸ் ஹன்ட் என்ற வேட்டைக் குழுவின் நாய்களின் ரத்தத்தில் ஒரு புது ஒட்டுண்ணியைக் கண்டு பெயரிட்டார். பிறகு நம் காட்டு நரியின் ரத்தத்திலும் அதைக் கண்டார். சிவப்பணுவுக்குள் புகுந்து அதை உடைக்கும் அந்த ஒட்டுண்ணியை இன்று உலகமே பபீசியா கிப்சோனி என்று படிக்கிறது. இதோடு எர்லிக்கியா என்ற உண்ணிக் காய்ச்சல் வேறு. காதைத் திருப்பிப் பார்த்தால் உண்ணி அப்பியிருக்கும் தெருநாயிடம் சோகையும் இருக்கும், சிஆர்பியும் ஏறியிருக்கும். அது சினையால் வந்ததா, உண்ணியால் வந்ததா என்று யார் சொல்ல முடியும்? குளிர்நாட்டுப் பண்ணையில், உண்ணியே காணாத நாய்களிடம் செய்த ஆய்வு அப்படியே பாலாற்றங்கரைக்குப் பொருந்தாது.

இன்னொரு காரணம் இதைவிட ஆபத்தானது. கருப்பையில் சீழ் கட்டும் நோய் ஒன்று உண்டு, பயோமெட்ரா என்பார்கள். பருவம் முடிந்து சில வாரத்தில், அதே இரண்டு மாதப் புரொஜெஸ்டிரோன் காலத்தில்தான் அது வரும். வயிறு பெருக்கும், வெள்ளணுக்களும் சிஆர்பியும் எகிறும், சிவப்பணு குறையும். சினை என்று நினைத்து வீட்டில் முட்டையும் பாலும் ஊட்டிக்கொண்டிருப்பார்கள். நாய் ஓயாமல் தண்ணீர் குடித்தால், பின்பக்கம் நாற்றத்தோடு கசிந்தால், தீனியைத் தொடாமல் படுத்துவிட்டால் 30 நாள் ஆகட்டும் என்று காத்திருக்காதீர்கள். அன்றைக்கே தூக்கிக்கொண்டு வாருங்கள். நாள் கடந்தால் நாய் பிழைக்காது. இங்கே ரிலாக்ஸின் கோடு வராமல் இருப்பதே மருத்துவருக்குப் பெரிய துப்பு.

புரொஜெஸ்டிரோனை நான் தள்ளிவிட்டதாக நினைக்க வேண்டாம். எப்போது சேர்க்கலாம் என்று பார்க்கவும், எப்போது குட்டி போடும் என்று பார்க்கவும் அதைவிட நல்ல அளவுகோல் இல்லை. மில்லி லிட்டருக்கு 2 நானோகிராமுக்குக் கீழே அது இறங்கிவிட்டால், பெரும்பாலும் ஒரு நாளில் குட்டி போட்டுவிடும். உடல் சூடும் ஏறக்குறைய ஒரு டிகிரி செல்சியஸ் இறங்கும். சினையா இல்லையா என்ற நடுக்கேள்விக்குத்தான் அது உதவாது.

இனி நகராட்சிக் கூடத்துக்கு வருகிறேன். அங்கே சேர்ந்த தேதி சொல்ல ஆள் இல்லை. வலையில் விழுந்த நாய்க்குப் பருவம் எப்போது வந்தது என்று யாருக்கும் தெரியாது. பட்டையில் கோடு வந்தால் விடை தெளிவு: ஸ்கேன் இருந்தால் பார்த்துவிட்டு, தடுப்பூசி போட்டு, படம் எடுத்து, பிடித்த தெருவையும் தேதியையும் எழுதி, குட்டிகள் பால் மறந்ததும் திரும்பப் பிடிக்க வேண்டிய நாயாகப் பதிவு செய்யலாம். அந்தத் தெருவில் இருப்பவர்களுக்கும், காலையில் அந்த வழியே நடக்கும் பெண்களுக்கும் முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். கோடு வராவிட்டால் இரண்டில் ஒன்று: சினை இல்லை, அல்லது மூன்று நாலு வாரத்துக்கு உட்பட்ட சினை. அறுவை செய்யும் கைக்கு இந்த வித்தியாசமே பெரிய உதவி. அவ்வளவு இளஞ்சினையில் ரத்த நாளம் தடித்திருக்காது. என்னைக் கேட்டால், சட்டம் எழுதுபவர்களும் சினை என்று மொத்தமாக எழுதாமல், ஒரு பரிசோதனையால் காணக்கூடிய சினை என்று எழுத வேண்டும். காண முடியாத ஒன்றைக் கண்டுபிடிக்கச் சொல்லும் விதி, கடைப்பிடிப்பவரைத்தான் குற்றவாளி ஆக்கும்.

பட்டைக்கு எங்கே போவது? இன்று கிடைப்பவை பெரும்பாலும் வெளிநாட்டுத் தயாரிப்பு. விலை, ஒரு வீட்டு நாய்க்குத் தாங்கும். ஊர் முழுக்க உள்ள தெருநாய்களுக்குத் தாங்காது. இந்த இடத்தில் எனக்கு ராணிப்பேட்டை ஞாபகம் வருகிறது. இங்கிருந்து கிழக்கே ஒரு மணி நேரப் பயணம். வெக்கை நோயில் மாடுகள் கொத்துக்கொத்தாகச் செத்த காலத்தில், 1932-இல், அங்கே ஒரு சீரம் நிலையம் தொடங்கினார்கள். அதுதான் இன்றைய கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம். வெளியூரிலிருந்து மருந்து வரட்டும் என்று அவர்கள் உட்கார்ந்திருக்கவில்லை. ரத்தத்திலிருந்து சீரம் பிரித்துக் குப்பியில் அடைத்து ஊர் ஊராக அனுப்பினார்கள். 2011-இல் உலகத்திலிருந்தே வெக்கை நோய் ஒழிந்தது என்று அறிவிக்கப்பட்டபோது, அந்த உழைப்புக்கும் அதில் பங்கு இருந்தது. சென்னையில் 1903-இலிருந்து கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1989-இல் அதற்கென்று பல்கலைக்கழகமே வந்துவிட்டது. நாய் ரிலாக்ஸினைப் பற்றும் ஆன்டிபாடியை உண்டாக்குவது இவர்களுக்கு எட்டாத வேலை இல்லை. மனித ரிலாக்ஸினுக்குச் செய்தது நாய்க்குச் சரியாக ஒட்டாது, நாய்க்கென்றே செய்ய வேண்டும் என்பதுதான் கூடுதல் சிரமம்.

செய்த பட்டை நம் நாய்களிடம் பொய் சொல்லாது என்று எப்படி உறுதிப்படுத்துவது? அதற்கு வேண்டிய இடம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. கருத்தடையின்போது வயிற்றைத் திறந்து, சினைப்பைகளோடு கருப்பையையும் எடுக்கிறோம். எடுத்ததைக் குப்பையில் போடுகிறோம். மயக்க ஊசிக்கு முன்பே கொஞ்சம் ரத்தம் எடுத்துப் பட்டையில் விடுங்கள். கண்ணாடித் தகட்டில் ஒரு துளி தேய்த்து, உண்ணிக் காய்ச்சல் உண்டா என்றும் பாருங்கள். கோடு வந்த நாயை மேசையில் ஏற்ற வேண்டாம், ஸ்கேனுக்கு அனுப்புங்கள். கோடு வராத நாயின் கருப்பையை, பட்டையின் முடிவு தெரியாத இன்னொருவர் கத்தரியால் நீளவாக்கில் திறந்து பார்க்கட்டும். உள்ளே கரு இருக்கிறதா, இருந்தால் உருண்டை எத்தனை மில்லி மீட்டர் என்று ஒரு ஏட்டில் எழுதட்டும். மழைக்காலத்தை ஒட்டித் தெருநாய்கள் கூடும் பருவத்தில் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, வேலூர் நான்கு ஊர்க் கூடங்களிலும் இதைச் செய்தால், கோடு வராத நாய்களில் எத்தனைக்குக் கரு இருந்தது, அந்தக் கரு எந்த அளவு, அவற்றில் எத்தனைக்கு உண்ணிக் காய்ச்சல் என்ற கணக்கு நம் கையில் இருக்கும். அந்த ஏட்டை எடுத்துக்கொண்டு ராணிப்பேட்டைக்கும் சென்னைக்கும் போய், இந்தப் பட்டையை இங்கேயே செய்து தாருங்கள் என்று கேட்கலாம். இங்கே வந்திருக்கும் மாணவர்களில் யாராவது அந்த ஏட்டின் முதல் பக்கத்தை எழுத முன்வந்தால், கூட்டம் முடிந்ததும் மேடைக்குப் பக்கத்தில் என்னைப் பாருங்கள்.